கழற்றிய படம்

“மரியநாயகியின்ரை பேரை வெட்டுங்கோ. படத்தையும் கழற்றுங்கோ,” என்றார் மார்க்கண்டு.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருந்து போராடும் கொட்டகை அது. எட்டாவது வருடம். தொடங்கும்போது எழுபது பேர், இப்போது பதினொருவர். மற்றவர்கள் படுக்கையில், அல்லது மண்ணில். தேர்தலுக்கு முன் தோளோடு தோள் நின்று படம் எடுத்த தலைவர்களுக்கு இப்போது இந்தத் தெரு மறந்துவிட்டது.

மார்க்கண்டு மட்டும் தினமும் வந்தார். நாற்பது வருடம் துண்டுப்பிரசுரம் எழுதியதில் அவருக்கு மிஞ்சியது இரண்டு தரம் சிறைவாசமும் ஒரு பழைய சைக்கிளும்தான்.

மரியநாயகி குருநகரில் இருந்து நடந்து வந்து சேர்ந்தாள். படங்கள் தொங்கும் கயிற்றில் அவள் மகன் றஜிந்தனின் இடம் வெறுமையாக இருந்தது.

“நேற்றுப் பதிவுக் கந்தோருக்குப் போனீரோ?” என்று கேட்டார் மார்க்கண்டு.

“ஓம் அண்ணை.”

“பெடியன்ரை மரணப்பத்திரத்துக்குக் கையெழுத்து வைச்சீரோ?”

“வைச்சனான்.”

“நட்டஈடு வருமெல்லே,” என்றாள் பக்கத்தில் இருந்த கனகாம்பிகை. “இனி வீட்டுக்கு மாபிள் பதிப்பா.”

“நீர் சும்மா இரும் கனகாம்பிகை.” மார்க்கண்டு மரியநாயகியின் பக்கம் திரும்பினார். “உந்தக் கடுதாசியைத் தந்து எங்களை வீட்டுக்கு அனுப்பத்தானே அரசாங்கம் பாக்குது? எத்தனை தரம் சொன்னனான்? அவங்கள் கொண்டுபோன பிள்ளையை நீர் உம்மடை கையாலை சாக்காட்டிப்போட்டீர்.”

மரியநாயகி வழக்கமான கதிரையில் போய் இருந்தாள். அன்று அவளுக்கு யாரும் தேத்தண்ணி நீட்டவில்லை.

பதினொரு மணிக்கு ஓர் ஓட்டோ வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவள் நிரோஜினி, றஜிந்தனின் மனைவி.

“மாமி, ஊரெல்லாம் கதைக்குது. உண்மையோ? ஆரைக் கேட்டுக் கையெழுத்து வைச்சனீங்கள்?”

“ஆரைக் கேக்கிறது? நான் பெத்தவள்.”

“நான் கட்டினவளெல்லோ! என்னட்டைக் கேட்டிருந்தா விட்டிருப்பனே?”

“விடமாட்டாய் எண்டுதான் கேக்கேல்லை.”

மரியநாயகி கதிரையை விட்டு எழுந்தாள்.

“ஆறு மாதம் அவனோடை இருந்தனி. பதினாறு வருசமா என்னோடை இருக்கிறாய், பிள்ளை. ஐஸ் கொம்பனி ஜெயசுதன் நாலு வருசமா உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். உனக்கும் மனம் இருக்கு. எனக்கென்ன கண் பொட்டையே? மரணப்பத்திரம் இல்லாமல் கோயிலிலை உன்ரை மறுகலியாணத்துக்கு ஓலை வாசிச்சு அறிவிக்கேலாது எண்டு பாதர் சொல்லிப்போட்டார். நீ சாகும்வரைக்கும் அந்தக் கடுதாசியிலை கை வைக்கமாட்டாய். அதுதான் நான் வைச்சனான்.”

“அவர் வந்தா, மாமி?”

“வந்தா நான் பதில் சொல்லுறன். நீ போ.”

நிரோஜினி அப்படியே நிலத்தில் குந்தி அழுதாள். கனகாம்பிகை தன் கையிலிருந்த தேத்தண்ணியை அவளிடம் நீட்டினாள்.

மார்க்கண்டு தான் கழற்றச் சொன்ன படத்தைக் கையில் எடுத்தார்.

“அப்ப... பெடியன் இல்லை எண்டு நீரும் நம்பீட்டீரோ?”

மரியநாயகி கையை நீட்டினாள்.

“படத்தைத் தாங்கோ அண்ணை. காத்திருக்க நான் ஒருத்தி போதும்.”