நாலு விரற்கடை

"டயர்ல பாதிக் காத்தை இறக்கியாச்சு அத்தான். அப்பவும் நாலு விரக்கடை இடிக்குது" என்றான் மச்சினன், ஏணிமேல் நின்றபடி.

கணக்கு வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். கால் மார்க்குக்குப் பிள்ளைகளைக் கண் கலங்க வைக்கிற மனிதர். மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்த டிரக் அவருடையது. அடிச்சட்டம் துருப்பிடித்து உளுத்துப்போனதால், புது மாடல் வண்டியின் சேஸிஸ் ஒன்றை வாங்கி, பழைய பாடியை அதன்மேல் உட்கார வைத்திருந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மச்சினனோடு சேர்ந்து எட்டு மாதம் ஞாயிறு ஞாயிறாக நடந்த வேலை. போல்ட் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் புதுத் தாங்கிகள் வெட்டினார்கள். ஸ்டியரிங் தண்டு எவ்வளவு சாய வேண்டும் என்று நோட்டில் நாலு பக்கம் கணக்குப் போட்டார். எல்லாவற்றையும் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தவர், கொட்டகை வாசலை மட்டும் அளக்கவில்லை.

பழைய வண்டி தாழ்வாக உருண்டு உள்ளே வந்திருந்தது. புது சேஸிஸ் மொட்டையாக வந்திருந்தது. இரண்டையும் சங்கிலி போட்டுத் தூக்கிச் சேர்த்ததெல்லாம் கொட்டகைக்குள்தான். சேர்ந்த பிறகு வண்டி வளர்ந்து விட்டது.

மணி எட்டு. பத்து மணிக்குப் பழைய வண்டிகளின் ஊர்வலம். போன வருடம் வரை சாலையோரத்தில் நின்று கைதட்டியவருக்கு இந்த வருடம் பதினேழாம் எண் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தலைமையாசிரியர் குடும்பத்தோடு மலையடிவாரத் திருப்பத்தில் நிற்பதாகச் சொல்லியிருந்தார்.

பாடியைத் திரும்பக் கழற்றினால் என்ன என்று கேட்டார். மச்சினன் உதட்டைப் பிதுக்கி, இரண்டு நாள் ஆகும் என்றான். வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி டீ கொண்டு வந்தாள். பின்கட்டு அறையில் தையல் கடை நடத்துகிறவள். வண்டியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"சுவத்தை இடிச்சிடுங்க" என்றாள்.

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய அப்பா தன் கையால் கட்டிய சுவர். பின்கட்டில் வெளிச்சமில்லை, துணி தைக்க வருகிறவர்கள் சந்துக்குள் ஒருக்களித்து வர வேண்டியிருக்கிறது, முன்பக்கம் திறந்து கொடுங்கள் என்று அவள் ஆறு வருடம் கேட்டுப் பார்த்தாள். ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதால், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

"சுவத்தை எப்படிம்மா..."

"வேண்டாம்னா விடுங்க. டீ ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாத்தியார் வண்டியையே பார்த்தார். இந்த எட்டு மாதத்தில் அவள் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. பழைய வண்டிக் கடையில் இரண்டு சேஸிஸ்கள் கிடந்தபோது அவர் தாழ்வானதைத்தான் எடுத்திருப்பார். கூட வந்திருந்த அவள்தான், "உயரமானதை எடுங்க. உங்களுக்கு அதுதான் கம்பீரமா இருக்கும்" என்றாள். கல்யாணமான இருபது வருடத்தில் அவரைப் பார்த்து யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அன்று கால் தரையில் பாவாமல் வீடு வந்து சேர்ந்தார்.

"மாப்ளே, சம்மட்டியை எடு" என்றார்.

கூரை இரும்புத் தூண்களில் நின்றதால் ஆபத்தில்லை. பாதி இடித்தால் மீதி நிற்காது என்று சொல்லி, மச்சினன் தூணுக்குத் தூண் சாக்பீஸால் கோடு போட்டான். ஒன்பதடி அகலம், எட்டடி உயரம். முதல் அடி அடிக்கும்போது வாத்தியார் மனசுக்குள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். பத்தாவது அடியில் அவருக்கே குஷி பிறந்துவிட்டது. புழுதியில் தலை நரைத்து, சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டே இடித்தார்.

ஒன்பதே கால் மணிக்கு வண்டி வெயிலுக்கு வந்தது. வாத்தியார் அழுதேவிட்டார். மனைவி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நாய் கீய் புகுந்துவிடும், இடத்தை மூடிவிட்டு வருகிறேன் என்று மச்சினன் நின்றுகொண்டான்.

ஊர்வலம் அமர்க்களப்பட்டது. ஏற்றத்தில் முன்னால் போன வண்டிகள் இரண்டு மூச்சு வாங்கி ஓரம்கட்ட, பதினேழாம் எண் ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறியது. தலைமையாசிரியர் எம்பி எம்பிக் கையசைத்தார்.

திரும்பி வரும்போது வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

"அந்த இடத்தை நீயே எடுத்துக்கம்மா. கடையை முன்னாடி கொண்டு வந்துடு. வண்டி வாசல்ல நிக்கட்டும், நாலு பேர் பாக்கட்டும்."

"உங்க இஷ்டம்" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடி.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இடித்த இடத்தில் நீல நிற ஷட்டர் ஒன்று, மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியிருந்தது. அதன்மேல் அவளுடைய தையல் கடையின் பெயர். தொட்டுப் பார்த்தார். பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

"ஒரே நாள்ல எப்படி மாப்ளே செஞ்சே?"

மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான். அவள் வண்டியை விட்டு இறங்காமல், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே நாளா? இது பட்டறையில எட்டு மாசமா சாத்தி வச்சிருந்தது அத்தான்" என்றான். "எந்த சேஸிஸை வாங்கினா வண்டி வாசல்ல இடிக்கும்னு அக்கா கணக்குப் போட்டுச் சொன்ன அன்னைக்கே செஞ்சுட்டேன்."