அடுப்படிச் சுவர்

“வேலைய நிறுத்தச் சொன்னது யாரு? அத மட்டும் சொல்லுங்க மேஸ்திரி.”

தமிழ்ச்செல்வன் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். கோவிந்தசாமி மேஸ்திரி கரணையைக் கழுவிச் சாக்குப் பையில் போட்டார். அடுப்படிச் சுவரில் இடிப்பதற்காகப் போட்ட சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. பொறவு பாத்துக்கலாம்.”

“பொறவுன்னா எப்ப? இன்னிக்கு நீங்க சுவர ஒடச்சாதான் நாளைக்கு வாசக்கால் வைக்க முடியும். அப்பதான் பைப்புக்காரன் வருவான். அவன் முடிச்சாதான் டைல்ஸ்காரன் உள்ள வர முடியும். இப்ப வுட்டா அவன் திட்டக்குடிக்கு வேலைக்குப் போயிடுவான். அப்புறம் கையில சிக்க மாட்டான்.”

தமிழ்ச்செல்வன் செராமிக் எஸ்டேட்டில், மின்சார ஃப்யூஸ் மாட்டும் பீங்கான் கேரியர் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். சூளையில் தீ ஏற்றிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, மொத்தச் சரக்கும் பாழ். வீட்டு வேலையையும் அவன் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தான். யார் எந்தக் கிழமை வர வேண்டும் என்று எல்லோருக்கும் போன் போட்டுப் பேசி, மணல் இறக்கி, சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, எல்லாம் தயார்.

இத்தனையும் ஒரு தனி அடுப்படிக்காக. அவனும் தம்பி ராஜ்மோகனும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டு வந்தவர்கள்தான். போன மாசம் தம்பி மகள் தமிழினிக்குக் கொளஞ்சியப்பர் கோயிலில் காது குத்து. பழத் தாம்பாளத்தைத் தூக்கப்போன அவன் மனைவி வேல்விழியிடமிருந்து, தம்பி மனைவி பூர்ணிமா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். “நீங்க ஒண்ணும் தூக்க வேணாங்க்கா. போயி ஓரமா ஒக்காருங்க” என்று வேறு சொன்னாள். சொந்தபந்தம் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷமாகப் பிள்ளையில்லாத தன் மனைவியை இவள் எதற்காக ஓரங்கட்டுகிறாள் என்று அவனுக்கா தெரியாது?

அன்றோடு பூர்ணிமாவிடம் பேச்சை நிறுத்தினான். பின்பக்கக் கொட்டகையை அடுப்படியாக்கி, சுவரை உடைத்து அதற்கு வழி வைத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினான். “இப்ப வேணாங்க, கொஞ்ச நாள் போவட்டும்” என்று வேல்விழி சொல்லிப் பார்த்தாள். ரோஷம் கெட்டவள் என்று அவளுக்கும் திட்டு விழுந்தது.

“அந்தம்மாதான நிறுத்தச் சொன்னாங்க?” பல்லைக் கடித்தபடி கேட்டான்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “ஆமா தம்பி. சின்னவரு சம்சாரம்தான் கூப்ட்டு சொன்னாங்க. வூட்ல புள்ளத்தாச்சி இருக்குது, கடப்பாரைய வைக்காதீங்கன்னாங்க. நானும் புள்ளகுட்டிக்காரன். மாசமா இருக்கறவங்க வூட்ல சுவர இடிக்கற பாவம் எனக்கு வேணாம். கொழந்த பொறக்கட்டும், நானே வந்து செஞ்சு தரேன்.”

தமிழ்ச்செல்வனின் கண் மணல் குவியலில் கிடந்த கடப்பாரைக்குப் போனது. ஆக, பூர்ணிமாவுக்கு இரண்டாவது. வேல்விழிக்கு இரண்டு முறை உண்டாகி, எஸ்டேட் முழுக்க அவன் லட்டு கொடுத்த கையோடு இரண்டுமே கலைந்து போயின. இவளுக்கோ ஒன்றன்பின் ஒன்று. அதைச் சாக்காக வைத்து அவன் வேலையையும் நிறுத்திவிட்டாள். வயிறு எரிந்தது. எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கம் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

“நீங்க கெளம்புங்க மேஸ்திரி. நானே இடிச்சுக்கறேன்.”

கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடிப்பதற்குள் பூர்ணிமா உள்ளேயிருந்து ஓடி வந்து சுவரை மறைத்து நின்றாள். பின்னாலேயே வந்த வேல்விழி, “வேணாங்க, சொன்னா கேளுங்க” என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

“வேலு, அந்தம்மாவ நகரச் சொல்லு.”

“கடப்பாரைய கீழ வைங்க மாமா” என்றாள் பூர்ணிமா. “ஏழு மாசந்தான். அதுக்கப்புறம் இடிங்க, கட்டுங்க, தனியாப் போங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

“கேட்டியா வேலு? அவங்க பெத்து எடுக்கற வரைக்கும் நாம கைய கட்டிக்கிட்டு நிக்கணுமாம். நம்ம வூட்டு வேலைக்கு அவங்க நாள் குறிக்கறாங்க.”

“கால்ல வேணா வுழறேன் மாமா. அந்தப் புள்ள முகத்துக்காகவாவது நிறுத்துங்க.”

ஒரு மாசமாகப் பேசாதவன், இப்போது நேருக்கு நேர் அவளைப் பார்த்துக் கத்தினான்.

“எதுக்கு நிறுத்தணும்? அந்தப் புள்ள எனக்கு என்னா ஆவணும்? நீயே சொல்லு, என்னா ஆவணும்?”

வேல்விழி தலை குனிந்துகொண்டாள். பூர்ணிமா அவளைத் திரும்பிப் பார்த்து, “மன்னிச்சுக்குங்கக்கா. மூணு மாசம் தாண்டற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்க வாங்குன சத்தியத்த மீறிடறேன்” என்றாள்.

பிறகு தமிழ்ச்செல்வனிடம் சொன்னாள்: “எனக்கு அக்கா புள்ள ஆவணும் மாமா. உங்களுக்கு, நீங்க பெத்த புள்ள.”