விசிலடிக்காத குக்கர்

பழைய வீட்டில் விசில் வந்தாலே போதும், குக்கரின் தலையில் கரண்டியால் ஓங்கி ஒரு போடு விழும். "வாயை மூடு, சனியனே!" அப்படியே வளர்ந்த குக்கர் அது. கைமாறிப் புது வீட்டுக்கு வந்த பிறகும், அடுப்பில் பருப்பு கொதிக்கக் கொதிக்க மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டது.

பக்கத்து அடுப்பிலிருந்த தோசைக்கல் பதறியது. "ஏண்டி, மூணு விசில் எண்ணித்தான் அந்தம்மா அடுப்பை அணைப்பாங்க. இப்படி அடக்கி வச்சா வெடிச்சிருவடி!"

"அடிப்பாங்கக்கா."

"ஒண்ணே ஒண்ணு விட்டுப் பாரேன்."

குக்கர் நடுங்கிக்கொண்டே, கேட்டும் கேட்காமலும் ஒரு 'உஸ்' விட்டது. விட்டதுமே அடிக்காகக் காத்திருந்தது.

கரண்டி வரவில்லை. கூடத்திலிருந்து ஒரு குரல்தான் வந்தது.

"ஒண்ணு!"

அடுத்த விசில் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.