எண் 614

படகுப் போட்டியைத் தொடங்கிவைக்க வெடிக்கும் குட்டிப் பித்தளைப் பீரங்கிகளை அந்தப் பட்டறை பதினோரு வருஷமாகச் செய்துவந்தது. ஒவ்வொன்றிலும் வரிசை எண் அடிக்க அங்கே ஒருவர் இருந்தார். ஒரே எண் இரண்டு பீரங்கியில் விழுந்தால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பழுதுபார்க்க வந்த ஒன்றை மேலாளர் அவர் முன் வைத்தார். முப்பது வருஷமாவது வெடித்துத் தேய்ந்த குழல், பச்சைக் களிம்பு, எண் 613.

"சார், நேத்து அடிச்சதே 612தான். 613 அடிக்க வேண்டியது இதோ, இப்பதான் கடைசல் மெஷின்லேருந்து இறங்குது."

"அப்ப இது வானத்துலேருந்து குதிச்சுதா?"

காலையிலிருந்து மூன்று முறை பதிவேட்டைப் புரட்டிக் காட்டியாயிற்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"புதுசுல 614 அடிச்சுத் தொலைங்க. இன்னொரு தடவை இப்படி வந்துச்சு, உங்களை வச்சுக்க மாட்டேன்."

எண் அடிப்பவர் எரிச்சலில் அச்சின் மேல் சுத்தியலை ஓங்கிப் போட்டார். ‘4’ பதிக்கும் அச்சின் முனை தெறித்தது. இத்தனை வருஷம் உடையாத அச்சு. புதிய பீரங்கியில் ‘4’ என்ற எண் கால் ஒடிந்து பதிந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னொரு பார்சல்," என்று கிடங்குக்காரர் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே களிம்பேறிய பீரங்கி. 614. மேலாளரைக் கூப்பிடக் கிடங்குக்காரர் ஓடினார்.

எண் அடிப்பவர் அதைப் புதியதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ‘4’ என்ற எண்ணுக்கு ஒரே இடத்தில் கால் ஒடிந்திருந்தது.