பாலத்தின் நடுவில்

காலையில் கைப்பட்டை பச்சையாக மின்னியதும் நிரோஜன் துள்ளிக் குதித்தான். அகதிகளுக்கு ஆளுக்கொரு நடமாட்ட எல்லை; கையில் கட்டிய பட்டைதான் அதைக் கண்காணிக்கும். ஒழுங்காக நடந்துகொண்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக நீளும், மீறினால் பழையபடி சுருங்கிவிடும். இன்று அவனுடைய ஜெர்மன் எல்லை ரைன் நதிப் பாலத்தின் நடுவரை நீண்டிருந்தது. மனைவி கஜந்தினியின் பிரெஞ்சு எல்லையும் அங்கேதான் முடிந்தது.

இரு கரைகளிலிருந்தும் ஓடி வந்தார்கள்.

"இதுக்கு மேல எனக்கு வரேலாது, நீ வா!" என்று கத்தினான்.

"வந்திட்டன்!" என்று பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டாள். பல வருடப் பிரிவு. சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினான். அவள் ஜெர்மன் பக்கம் வந்ததும் அவளுடைய பட்டை அலறியது. பதறிப்போய் இறக்கிவிடப் பார்த்தான்.

அவளோ அவன் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அது கத்தட்டும். நீங்கள் சுத்துங்கோ!"