ஆமத்தூர் மருமகள்

2006 ஆவணியில் நடந்த மகனின் கல்யாணப் பந்தியிலும் ஊர்க்காவலன் பாஸ்கெட்பால் பேச்சை விடவில்லை. ஆமத்தூர் பெண்கள் அணிக்கு அவர்தான் மேனேஜர்.

"விஸ்வநத்தத்தோட ஆடுன மூணு மேட்ச்ல ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சோம். மூணாவது காத்துனால போச்சு. எங்க புள்ள போட்ட பந்தை ஆடிக் காத்து தள்ளி விட்ருச்சு!"

"எங்க ஓவியா போட்டது மட்டும் எப்படி உள்ள விழுந்துச்சாம்?" என்றாள் மணப்பெண்ணின் அம்மா அய்யம்மாள், ரசம் ஊற்றியபடி. விஸ்வநத்தம் அணி ஆடும் நாளில் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் போய்க் கத்துகிறவள்.

"அதனாலதான சம்பந்தியம்மா, ஓவியாவையே பொண்ணு கேட்டு வந்தோம்!"

பந்தியே சிரித்தது.

"ஆட்டத்தன்னிக்கு எந்த ஊர்ல இருக்காகளோ, அந்த ஊருக்குத்தேன் ஆடணும். கமிட்டில சண்டை போட்டு நான் கொண்டாந்த ரூலு. இனிமே ஓவியா எங்க டீமு. அடுத்த வருசமும் அதே தேதிதேன். கப்பைத் தொடைச்சு வைங்க."

"கப்பு எங்க ஊரை விட்டு நகராது."

"ஓவியா இல்லாமயா?"

"ஓவியாவை வச்சுத்தேன்!"

"அதெப்படி? அவ எங்க வீட்லல்ல இருப்பா?"

"பதினோரு மாசம் இருக்கட்டும். தலை ஆடிக்குப் புதுப்பொண்ணை எந்த வீட்டுக்கு அனுப்புவீக, சம்பந்தி?"

ஊர்க்காவலன் விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார்.

அய்யம்மாள் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "ஏலே, சம்பந்திக்கு இன்னுங் கொஞ்சம் பாயசம் ஊத்துங்கலே!"