கை வைக்காத வீடு

"சத்தியமா நான் கைகூட வைக்கலைங்க டீச்சர். முழுக்க என் பொண்ணு செஞ்சது."

சொல்லும்போதே கடைக்காரருக்குத் தெரிஞ்சுபோச்சு, இது எடுபடாதுன்னு.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்லயே அவரோட ஸ்டேஷனரி கடை. முன்னாடி சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா. திரைக்குப் பின்னாடி வேற வேலை. பிள்ளைங்களுக்குச் சயின்ஸ் மாடல் வேணும்னு பெத்தவங்க வந்து காதோட சொல்லிட்டுப் போவாங்க, இவர் செஞ்சு கொடுப்பாரு. எரிமலை, மழைநீர்த் தொட்டி, இதயம்னு எல்லாம் உண்டு. கேட்ட மறுநாளே இதயம் கிடைக்கிற இடம் ஊர்லயே அது ஒண்ணுதான்.

இந்த வருஷம் சோலார் வீடு.

பூனை வந்து பாலைத் தொடலைன்னு சொன்னா எப்படிப் பார்ப்பாங்களோ, அப்படிப் பார்த்தாங்க டீச்சர்.

மேஜை மேல வரிசையா சோலார் வீடுங்க. ஃபோம் போர்டு சுவரு, சரிவான கூரை, அது மேல சின்ன பேனல், ஸ்ட்ராவுக்குள்ள மறைச்ச ஒயரு. அத்தனையும் அவர் செஞ்சது. தனியா ஜன்னலோரம் ஒதுக்கி வெச்சிருந்த ஒண்ணுதான் அவர் பொண்ணு செஞ்சது.

அப்பா வேலை செய்யறதைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டவ. அதே சரிவு, அதே ஸ்ட்ரா. ஆனா கூரையைத் திருகாணி மாதிரி திருப்பலாம். வெயில் எந்தப் பக்கம் போகுதோ பேனலும் அந்தப் பக்கம் போகும். அது அவளா யோசிச்சது. அப்பா எட்டிப் பார்த்தாலே, "உங்க வாடிக்கையைப் போய்ப் பாருங்கப்பா"ன்னு விரட்டிட்டு, கட்டர் கீறின விரலோட உட்கார்ந்து செஞ்சா.

மாவட்ட சயின்ஸ் கண்காட்சிக்கு இதைத்தான் அனுப்புறோம்னு முதல்ல சொன்னாங்க. அவ தூக்கத்துலகூட ஜட்ஜுக்கு விளக்கம் சொல்லிக்கிட்டிருந்தா. இன்னிக்கு இல்லைன்னுட்டாங்க.

டீச்சரைக் குத்தம் சொல்றதுக்கில்ல. எல்லா வீடும் ஒரே அச்சுல இருக்கேன்னு அவங்க வகுப்புல விசாரிச்சிருக்காங்க.

"அப்பாதான் செஞ்சாருன்னு அவளே எழுந்து ஒத்துக்கிட்டா சார். நீங்க இங்க வந்து சத்தியம் பண்றீங்க."

கடைக்காரரு ஜன்னலோரம் இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாரு. அவளா சொன்னா?

அவளோடதுக்குப் பதிலா வகுப்புல ஒரு பையனோட வீட்டை அனுப்புறதா டீச்சர் காட்டினாங்க. கடையில கூட்டமா இருந்த அன்னிக்கு இவரே அவசரத்துல ஒட்டினது. கூரை ஒரு பக்கம் கோணல்.

"நேர்த்தி கம்மிதான். ஆனா அந்தப் பையன் சொந்தமா செஞ்சிருக்கான் பாருங்க."

உண்மை தொண்டை வரைக்கும் வந்துச்சு. அதைத் துப்பினா மேஜை காலியாகும். மேஜை காலியானா கடையும் காலி. பெத்தவங்க அத்தனை பேரும் அவரைத்தான் கிழிப்பாங்க. அந்தக் கடைதான் வீட்டுக்குச் சோறு.

"சரிங்க டீச்சர்"னு கும்பிட்டுட்டு வந்துட்டாரு.

தெருவைத் தாண்டுறது மலையைத் தாண்டுற மாதிரி இருந்துச்சு. பெத்த பொண்ணுக்காக வாய் திறக்காத அப்பன் எதுக்கு இருக்கணும்னு தன்னையே திட்டிக்கிட்டாரு. எப்படி மன்னிப்பு கேக்கறதுன்னு வார்த்தையைத் தேடிக்கிட்டே திரையை விலக்கினாரு.

பொண்ணு தரையில உட்கார்ந்திருந்தா. அவர் ஆரம்பிக்கிறதுக்குள்ள அவ கேட்டா.

"டீச்சர்கிட்ட எதையும் உளறிடலையேப்பா?"

"என்னம்மா சொல்ற? நான் செஞ்சேன்னு ஏன் சொன்ன?"

"உங்க அப்பா செஞ்சது எதெதுன்னு கேட்டாங்க. வகுப்பே என்னைப் பார்த்துச்சு." கண்ணுல வழிஞ்சதை அவ துடைக்கல. "என்னுது மட்டும்தான்னு சொல்லிட்டேன். மத்தவங்க அதைப் பார்த்து அவங்களா செஞ்சாங்கன்னு."



"அண்ணே, இருக்கீங்களா?" திரைக்கு அந்தப் பக்கம் யாரோ. "பையனுக்கு மாடல் ஒண்ணு வேணும், அவசரம்."

"போங்கப்பா, கூப்பிடுறாங்க"ன்னா பொண்ணு.

போனாரு.